மாவோரி உணவு என்றால், எந்த ஊர் உணவு?

ஆக்லாந்தில் ஒரு பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் வேலை பார்க்கிறேன். மதாரிகி விடுமுறை நெருங்கும்போதும், செப்டம்பரில் மாவோரி மொழி வாரம் வரும்போதும், பள்ளி விட்ட கையோடு பிள்ளைகள் என் மேசைக்கு வந்துவிடுவார்கள். கொண்டுவரும் தாளில் பெரும்பாலும் ஒரே தலைப்புதான் இருக்கும்: மாவோரி உணவு, மொழி, பண்பாடு. கூட வரும் பெற்றோர், குறிப்பாக நம் தமிழ்க் குடும்பத்தினர், "வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணுமாம். நல்ல படமா நாலு இருந்தா போதும்" என்பார்கள்.

போதாது. இந்த நாட்டுக்குக் குடிவந்த வீட்டுப் பிள்ளை, இந்த மண்ணின் மக்களை முதன்முதலாக நின்று கவனிப்பது பெரும்பாலும் இப்படியொரு பள்ளி வேலையில்தான். நியூசிலாந்தின் வரலாறு இங்கே பள்ளிகளில் கட்டாயப் பாடமானதே 2023-இல்தான். அதற்கு முன் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலர் இதையெல்லாம் சரியாகப் படிக்காமலே பள்ளியை முடித்திருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த ஒரு வாய்ப்பை நாலு படத்தோடு முடித்தனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

தலைப்பைச் சுருக்குவதுதான் என் முதல் வேலை. 'மாவோரி உணவு' என்று பொதுவாகத் தேடினால் ஹாங்ஙி வரும். கற்களைத் தீயில் பழுக்கக் காய்ச்சிக் குழியில் போட்டு, கறியும் கிழங்கும் வைத்த கூடைகளை அதன்மேல் இறக்கி, ஈரத்துணியும் சாக்கும் போர்த்தி, மண்ணால் மூடிச் சில மணி நேரம் வேகவிடுகிற சமையல் அது. எல்லாப் பிள்ளைகளும் அதையே எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் மாவோரி என்பது பல இவிகளுக்குச் சேர்த்து வழங்கும் பெயர். இவி என்றால் ஒரே முன்னோர் வழிவந்த பெருங்குடி. ஒவ்வொன்றுக்கும் தன் மலை, தன் ஆறு, தன் சாப்பாடு உண்டு. தெற்குக் கோடியில் ரகியுரா தீவை ஒட்டிய சிறு தீவுகளில் தீத்தீ என்ற கடற்பறவையின் குஞ்சுகளை ஏப்ரல் 1 முதல் மே 31 வரை பிடிக்கிறார்கள். அந்த உரிமை அந்த மண்ணுக்குரிய மாவோரிக் குடும்பங்களுக்கே உண்டு. தடித்த கடற்பாசி மடலைப் பையாகப் பிரித்து, அதற்குள் பறவையை அதன் கொழுப்போடு அடைத்துவைத்துப் பாதுகாப்பது அவர்கள் முறை. ரோட்டோருவாவிலோ தரையிலிருந்து எழும் ஆவியே அடுப்பு. மதாரிகிகூட அப்படித்தான். நம் கார்த்திகை மீன்கூட்டம்தான் மதாரிகி. குளிர்கால விடியலில் அது மறுபடி எழும்போது மாவோரிப் புத்தாண்டு பிறக்கிறது. 2022 முதல் நாடு முழுவதும் அதற்கு அரசு விடுமுறை. ஆனால் தரனாகிப் பக்கம் பலர் முதலில் பார்ப்பது மதாரிகியை அல்ல, புவாங்ஙா என்ற வேறொரு நட்சத்திரத்தை. அதனால் எந்த இவி, எந்த ஊர், எந்தப் பருவம் என்ற மூன்றையும் பிள்ளையிடம் கேட்காமல் நான் ஒரு புத்தகத்தையும் எடுத்துத் தருவதில்லை.

பத்து வயது தமிழ்ச் சிறுமி ஒருத்தி வந்தாள். ஹாங்ஙியை அழகாக வரைந்து வைத்திருந்தாள்.

"ஆன்ட்டி, கூமரா பத்தி என்ன எழுதறது? எங்க வீட்ல அம்மா அவிச்சுக் குடுக்கிற சர்க்கரைவள்ளிதானே அது?"

"அதேதான். அது வெயில் ஊர்க் கிழங்காச்சே, இந்தக் குளிர்ல எப்படிம்மா பிழைச்சுது?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தாளில் இருந்த தலைப்பை அடித்துவிட்டு, அந்தக் கேள்வியையே எழுதிக்கொண்டாள். பாதி வேலை அங்கேயே முடிந்தது என்பேன்.

ஏனென்றால் அந்தக் கேள்விக்குள் எல்லாமே இருக்கிறது. கூமராவின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பசிபிக் தீவுகள் வழியாகக் கடலோடிகளின் படகில் அது இங்கே வந்து சேர்ந்தது. வெப்பத் தீவுகளில் அதை ஆண்டு முழுவதும் விட்டுவைக்கலாம், வேண்டியபோது தோண்டிக்கொள்ளலாம். இங்கே உறைபனி விழுந்தால் கிழங்கு அழுகிப்போகும். ஆகவே வந்தவர்கள் விவசாயத்தையே புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. வெயில் விழும் வடக்குச் சரிவுகளைத் தேர்ந்தார்கள். மண்ணோடு சரளை கலந்து சூட்டைத் தக்கவைத்தார்கள். சிறு மேடுகளாகக் குவித்து நட்டார்கள். குளிர் இறங்குமுன் அறுவடையை முடித்து, கீறல் விழாத கிழங்குகளைப் பொறுக்கி, நிலத்தில் தோண்டிய குழிகளில் கூரை போட்டு அடுக்கினார்கள். குளிர்காலச் சாப்பாடும் அடுத்த ஆண்டு விதையும் அந்தக் குழிக்குள்தான் இருந்தன. அவ்வளவு செய்தும் தெற்குத் தீவில் பேங்க்ஸ் தீபகற்பத்துக்குக் கீழே அது பெரிதாக விளையவில்லை. அதனால்தான் அங்கே தீத்தீக்கும் விலாங்குக்கும் அத்தனை முக்கியத்துவம். நிலவியலும் வானிலையும் வரலாறும் ஒரு கிழங்கில் வந்து சேர்வதைப் பத்து வயதுப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

புத்தகத்தோடு நிற்க வேண்டியதில்லை என்பது ஆக்லாந்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த பேறு. நகரின் நடுவில் நிற்கும் மவுங்ஙஃபாவ் எரிமலைக் குன்றின் சரிவுகளில் அந்தக் கூமரா குழிகள் இன்றும் தெரிகின்றன. அந்தச் சிறுமியைப் பெற்றோரோடு அங்கே போகச் சொன்னேன். மேலே மரப்பாதை போட்டிருக்கிறார்கள். அதைவிட்டு இறங்கக் கூடாது, எரிமலை வாய்க்குள்ளும் போகக் கூடாது, அது தபு, அதாவது புனிதமாக விலக்கி வைத்தது என்று சொல்லி அனுப்பினேன். 2014-இல் ஆக்லாந்தின் 14 குன்றுகள் சட்டப்படி மாவோரிகளிடம் திரும்பின என்பதையும் சொன்னேன். பாதையில் நின்றபடியே வரைந்து வந்திருந்தாள். புல் மூடிய நீள்சதுரப் பள்ளங்கள், ஒன்றையடுத்து ஒன்று. "இவ்வளவு குழியா? அப்ப எத்தனை பேர் இங்க இருந்திருப்பாங்க?" என்பதுதான் அவள் கேட்ட அடுத்த கேள்வி. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓதுவாதவுவா கல்வயல்கள் இருக்கின்றன. கூமரா பயிரிட்ட தோட்டங்களின் கல்வரிசைகளை அங்கேயும் பார்க்கலாம்.

எழுத உட்காரும்போது இறந்தகாலத்தில்தான் நான் முதலில் கை வைப்பேன். 'மாவோரிகள் உண்டார்கள், பாடினார்கள், நெய்தார்கள்' என்றே பிள்ளைகள் எழுதுகிறார்கள். பழைய புத்தகங்கள் அப்படித்தான் எழுதியிருக்கின்றன. ஆனால் இந்தப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் மாவோரிப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது. அது நேற்று இரவு பாட்டி வீட்டில் 'பாயில்-அப்' சாப்பிட்டிருக்கும்: பன்றி எலும்பு, உருளைக்கிழங்கு, பூஹாக் கீரை, மாவு உருண்டை எல்லாம் ஒரே பானையில் வெந்தது. அதைப் பற்றி எழுதச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். பன்றியும் உருளைக்கிழங்கும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தவை, அப்புறம் அது எப்படி மாவோரி உணவு? நம் சாம்பாரில் விழும் மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது. அதனால் சாம்பார் நம்முடையது இல்லை என்று யாரும் சொல்வதில்லை. உருளைக்கிழங்கைப் புளிக்கவைத்துச் சுடும் ரேவெனா ரொட்டியும் அதே போல மாவோரி உணவுதான்.

உருளைக்கிழங்கு என்றதும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, வாங்கரே பக்கம் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு அவிப்பதைக் கண்டார். அது ஒரு கப்பல் மணியின் உடைந்த பகுதி. அதில் இருந்தது தமிழ் எழுத்து. ஒரு முகைதீனின் கப்பல் மணி என்று அது சொல்கிறது. இப்போது அது வெலிங்டனில் தெ பாபா அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. இங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. இதைக் கேட்ட பிறகு, 'அவர்களுடைய பண்பாடு' என்று தள்ளி நின்று எழுதும் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

மொழிப் பகுதியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கை நிறைய முதல் இருக்கிறது. மாவோரியில் ஐந்து உயிர். ஐந்துக்கும் குறில், நெடில். மேலே கோடு போட்டால் நெடில். கோட்டை விட்டுவிட்டால் பொருளே மாறும்: கெகெ என்றால் கேக், கேகே என்றால் அக்குள். எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டை எழுத்திலேயே காட்டிப் பழகிய நமக்கு இது எளிது. ங-வும் அப்படியே, ஹாங்கி என்று க சேர்க்காமல் ஹாங்ஙி என்று சொல்லத் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஒருமுறை காட்டினால் போதும். தெ ஆகா அகராதியில் சொல்லை ஒலிக்கவிட்டுக் கேட்டு, திருப்பிச் சொல்லச் சொல்வேன். எழுத்துக்கூட்டிப் படித்ததை மட்டும் நம்பி வகுப்பில் பேச விடுவதில்லை.

கடைசியாக ஒரு மனிதரிடம் கேட்க வைப்பேன். எங்கள் நூலகத்தில் வேலை பார்க்கும் மாவோரி அம்மா ஒருவர் உண்டு. பிள்ளைகள் அவரை ஃபாயா என்று மரியாதையாக அழைப்பார்கள். போனதும் கேள்வியை நீட்டாதே, முதலில் நீ எந்த ஊர், யார் பிள்ளை என்று சொல்லு என்று அந்தச் சிறுமிக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதோடு இன்னொன்றும் சொன்னேன்: "அவங்களுக்கு ஒரு வார்த்தை தெரியலைன்னா ஆச்சரியப்படாதே." 1867-இன் சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளை ஆங்கில வழியாக்கியது. பின்னர் பல தலைமுறைகள் பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கின. 1972-இல் 30,000-க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. 1982-இல் முதல் கோஹங்ஙா ரெயோ என்ற மழலையர் பள்ளி தொடங்கியது. 1987-இல்தான் மாவோரி ஆட்சிமொழியானது. ஃபாயா அவளிடம் தன் பாட்டியின் ரேவெனா ஜாடியைப் பற்றிச் சொன்னார். உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரும் கொஞ்சம் சர்க்கரையும் ஊற்றி அந்தப் புளிப்பை நாள்தோறும் உயிரோடு வைத்திருப்பார்களாம். "என் அம்மா மொழியை எங்களுக்குச் சொல்லித் தரலை. அடி வாங்கின பயம். நான் பெரியவளான பிறகுதான் வகுப்புக்குப் போய்ப் படிச்சேன்" என்றார். சிறுமி குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சார்ட்டில் ஒட்டும் நேரத்திலும் கூட நிற்பேன். முன்னோர் உருவம் செதுக்கிய தூணின் படத்துக்கு மேலேயே கூமராத் தட்டின் படத்தை ஒட்டப் போனாள். மாவோரிகளுக்குத் தலையும் முன்னோரும் தபு. உணவு தபுவைக் கலைத்துவிடும். அதனால் இரண்டையும் தள்ளி வைப்பார்கள், சாப்பிடும் மேசைமேல் உட்காரவும் மாட்டார்கள் என்று ஃபாயாவே விளக்கினார். உணவை ஒரு பக்கமும் முன்னோரை மறுபக்கமும் அவளே மாற்றி ஒட்டினாள்.

பெற்றோர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். சார்ட்டை நீங்கள் எழுதித் தராதீர்கள். ஒரு சனிக்கிழமை காலை பிள்ளையைக் குன்றுக்கோ கல்வயலுக்கோ அழைத்துப் போங்கள். மாவோரி ஒருவரிடம் கேட்டு எழுதியிருந்தால், சார்ட்டின் அடியில் அவர் பெயரையும் அவருடைய இவியின் பெயரையும், அவர் சம்மதம் பெற்று, பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள்.