மாதுங்காவில் ஒரு வைகாசி

கோடை வந்தால் பணம் உள்ளவர்கள் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறார்கள். மற்றவர்கள் மாமியார் வீட்டுக்குப் போகிறார்கள். சித்திரை, வைகாசி என்று பொறுக்கி எடுத்துக்கொண்டு பம்பாய்க்குப் போகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? கும்பகோணம் ரயிலடியில் எனக்குப் பழக்கமான ஒருவர், "அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இல்லை, சுகமாக இருந்துவிட்டு வரத்தான் போகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை.

அது 2025-ம் வருஷம். வைகாசியில் எனக்கு எழுபது நிறைகிறது. அறுபதுக்குத் திருக்கடையூர் போனோம். மாலை மாற்றிக்கொண்டோம், கலசத் தண்ணீரில் நடுங்கினோம். எழுபதுக்குப் பீமரத சாந்தி என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர்தான் மிச்சம் என்று ஆகிவிட்ட வீட்டுக்கு உறவினர்கள் வந்து, "ஓர் ஆயுஷ்ய ஹோமமாவது பண்ணிடலாமே" என்று குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்கள். ஹோமத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தத் தணிந்த குரலைத்தான் தாங்க முடியவில்லை. ஏப்ரல் மூன்றாவது வாரம் ரயில் ஏறிவிட்டேன்.

மாதுங்காவில் என் தமக்கை இருக்கிறாள். எனக்கு எட்டு வயது மூத்தவள். 1970-ல் புதுப்பெண்ணாக வந்து இறங்கிய அதே வீட்டில்தான் இன்னும் இருக்கிறாள். கதவைத் திறந்தவள், என் பெட்டியையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஓடி வந்துட்டியா? வா, வா. ஓடி வர்றவாளுக்குத்தானே இந்த ஊரே கட்டியிருக்கு" என்றாள்.

அவள் சொன்னதில் கொஞ்சம் சரித்திரமும் இருக்கிறது. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசல்தான் கொள்ளை நோய்க்கு வித்து என்று கண்டு, 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்றை ஏற்படுத்தினார்கள். வடக்கே தாதர், மாதுங்கா என்று விசாலமாகத் தெருப் போட்டு, மரம் நட்டு, பூங்கா வைத்து மனை பிரித்தது அந்த டிரஸ்ட்தான். மனைகளில் வீடு எழும்பியபோது, தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹாண்ட் லோயர் என்று சான்றிதழ்களைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் குடியேறினார்கள். பிறகு அவர்களுக்காகக் கோயில், பஜனை சமாஜம், உடுப்பி ஹோட்டல், அப்பளக் கடை, வாழையிலைக் கடை எல்லாம் வந்தன. என் அத்திம்பேரும் அப்படி வந்தவர்தான். பல்லார்டு எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்டெனோ. போய்ப் பத்து வருஷமாகிறது.

வீடு மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. வளைந்த பால்கனி, தேக்குப் படிக்கட்டு, ஆள் உயர ஜன்னல்கள். 'பகடி' முறையில் எடுத்தது. அதாவது ஆரம்பத்தில் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டால், பிறகு சொற்ப வாடகையில் தலைமுறையாக இருந்துகொள்ளலாம். முழுச் சொந்தமும் அல்ல, வெறும் வாடகையும் அல்ல. 1947-ல் வந்த வாடகைச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த ஏற்பாடு. அக்கா மாதம் 180 ரூபாய் கொடுக்கிறாள். இவ்வளவு குறைந்த வாடகையில் எந்தச் சொந்தக்காரர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்? பால்கனியின் அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது.

போன மறுநாளே அலமாரியிலிருந்து ஒரு தடித்த கட்டு வந்தது. கட்டடத்தை இடித்துவிட்டு இருபத்தைந்து மாடி எழுப்ப ஒரு கம்பெனி வந்திருக்கிறது. பழைய குடித்தனக்காரர்கள் எல்லோருக்கும் புது வீடு சொந்தமாகவே கிடைக்கும். கட்டி முடிக்கிற வரையில் வெளியே வாடகைக்கு இருக்கப் பணமும் தருவார்கள். பதினாறு குடித்தனங்களில் பதினாலு கையெழுத்துப் போட்டாயிற்று. "நீதான் நாவல் எல்லாம் எழுதறியே, இதைப் படிச்சுச் சொல்லு" என்றாள். ஆங்கிலத்தில் தொண்ணூறு பக்கம். என் நாவல்களில் எதுவும் இவ்வளவு சுவாரசியமில்லாமல் இருக்காது என்று அவளுக்கு உறுதி கூறிவிட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதைப் படித்தது இரவில். பகலெல்லாம் ஊர் சுற்றினேன்.

உத்தியோகம் இல்லாதவனாகப் பம்பாயில் திரிவது பெரிய பாக்கியம். ஊர் முழுவதும் ஓடும்போது நாம் மட்டும் நடக்கலாம். ஆபீஸ் கூட்டம் குறைந்த பிறகு, பதினோரு மணிக்கு மாதுங்கா ஸ்டேஷனுக்குப் போவேன். 2017-லிருந்து பெண்களே நடத்தும் ஸ்டேஷன் அது. ஸ்லோ லோக்கலில் ஏறினால் தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி என்று ஒவ்வொன்றாக நின்று போகும். ஒரு காலத்தில் பஞ்சாலைப் புகைபோக்கிகளை எண்ணிக்கொண்டே போகலாமாம். 1982-ல் ஆரம்பித்த வேலை நிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக அவிந்துபோயின. இப்போது அந்த இடங்களில் கண்ணாடிக் கட்டடங்கள்.

லோக்கல் வண்டியில் மூன்று பேருக்கான பெஞ்சில் நாலாவது ஆளுக்கும் பாத்தியதை உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. வந்தவர் லேசாகக் கையை அசைப்பார், உட்கார்ந்திருக்கும் மூவரும் ஒரு வார்த்தை பேசாமல் அரை அங்குலம் நகருவார்கள். நாலாமவருக்குப் பாதி உடம்புக்குத்தான் இடம் கிடைக்கும், மீதி அந்தரத்தில். ஆனால் யாரும் மறுப்பதில்லை. எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற வழக்கத்தை நினைத்துக்கொண்டேன்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கி டவுன் ஹாலுக்கு நடப்பேன். 1833-ல் கட்டி முடித்தது. முப்பது படிகள். பாதிப் படியில் தூண் நிழல் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் பகல் ஓடிவிடும். காலேஜ் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிப்பார்கள், காதலர்கள் சண்டை போடுவார்கள், வக்கீல் குமாஸ்தாக்கள் தூங்குவார்கள். திரும்பும்போது தாதரில் நுங்கு வாங்குவேன். ஆம், நுங்குதான். அங்கே 'தாட்கோளா' என்று பெயர். நம் ஊர் மாதிரி கண்ணில் விரலை விட்டு உறிஞ்ச வழி இல்லை. தோண்டி எடுத்து, இலைமேல் வைத்து, எண்ணி விற்கிறார்கள். மாம்பழமும் டஜன் கணக்கு. ரத்னகிரி ஹாபூஸ் வைக்கோலில் படுத்திருக்கும் அந்தஸ்தைப் பார்த்தால் விலை கேட்கவே கூச்சமாக இருக்கிறது. கேட்டால் கூச்சம் போய்ப் பயம் வந்துவிடும்.

மே முதல் வாரத்தில் எல்லையில் யுத்தம் மூண்டது. ஏழாம் தேதி நகரில் அபாயச் சங்கு ஊதி ஒத்திகை பார்த்தார்கள். நான் கவலையோடு செய்தி கேட்டுக்கொண்டிருக்க, அக்கா நிதானமாக, "எழுபத்தொண்ணுலே ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். அந்தக் கோந்துக் கறை இன்னும் இருக்கு, பாரு" என்று காட்டினாள். இருக்கத்தான் இருந்தது, தேக்குச் சட்டத்தின் ஓரத்தில், நகம் பட்டால் சுரண்டு வரும் அளவுக்கு.

பத்தாம் தேதி சண்டை ஓய்ந்தது. அக்கா வடாத்துக்கு அரிசி ஊறப்போட்டாள்.

இந்த மொட்டை மாடியைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். கிழக்கு மூலை எங்கள் வீட்டுக் கூழ் வடாத்துக்கு. நடுவில் மராத்தியக் குடும்பத்தின் கோதுமைக் 'குர்டை', பார்ப்பதற்கு இடியாப்பம் மாதிரியே இருக்கும். மேற்கே குஜராத்தி அம்மாளின் 'கீச்சியா' அப்பளம். ஐம்பது வருஷமாக எல்லைக்கோடு இல்லாமலே எல்லை காத்திருக்கிறார்கள். காக்காய் விரட்டும் முறை மட்டும் பொது. இந்த வருஷம் அதை எனக்கு ஒப்படைத்தார்கள். ஒரு குடை, ஒரு கழி, ஒரு நாற்காலி. காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை மூன்று பாஷைப் பண்டங்களுக்கும் நானே காவல். எழுத்தாளனாகப் பெற்ற மரியாதைகளில் இதைவிட நம்பகமானது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

குஜராத்தி அம்மாள்தான் என் பிறந்த தேதியைக் கேட்டாள். சிக்கலான கேள்வி அது. பள்ளிக்கூடத்துச் சான்றிதழின்படி நான் பிறந்தது 1954 ஜூன் 1. எங்கள் ஊர் ஹெட்மாஸ்டர் கணக்கில் பாதிப் பிள்ளைகள் ஜூன் முதல் தேதிதான் பிறந்தார்கள். அந்தத் தேதியை நம்பி எனக்கு ஒரு வருஷம் முன்னதாகவே பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் ஜூன் முதல் தேதியானால் பாங்கியிலிருந்து டெலிபோனில் வாழ்த்துச் செய்தி வருகிறது.

"அதெல்லாம் பொய்" என்றாள் அக்கா. "அம்பத்தஞ்சுலே பெரிய கிரகணம் வந்துதே, இலங்கையிலே பகல்லேயே இருட்டாச்சே, அப்ப நீ குழந்தை. பாட்டி தூளியிலே தர்ப்பையைச் செருகி, அம்மாவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினா. கிரகணம் அமாவாசையிலேதானே வரும்? அதுக்கு முந்தின அமாவாசையிலே பொறந்தே. சனிக்கிழமை, கார்த்திகை நட்சத்திரம். வெந்நீர்த் தவலைக்கு நான்தான் விறகு எடுத்துக் கொடுத்தேன்."

கிரகணம் 1955 ஜூன் 20. ஒரு சந்திர மாதம் பின்னால் எண்ணினால் மே 21, சனிக்கிழமை. அரசாங்கத்துத் தஸ்தாவேஜு தவறிய இடத்தில் எட்டு வயதுப் பெண்ணின் ஞாபகம் தவறவில்லை. அந்த விறகை, அந்தத் தவலையை, அந்தச் சாயங்காலத்தைப் பார்த்தவர்கள் இன்று பூமியில் வேறு யாரும் இல்லை. எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. காக்காய் வந்ததுபோல் கழியை ஆட்டினேன்.

அந்த 2025-ல் வைகாசிக் கார்த்திகை மே 26-ந் தேதி, திங்கட்கிழமை. அன்று அமாவாசையும்கூட. சாயங்காலம் மரீன் டிரைவில் உட்காருவது, இருட்டிய பிறகு ஐஸ்கிரீம் என்று இரண்டு பேரும் திட்டம் போட்டிருந்தோம். விடியற்காலையில் தொடங்கிற்று மழை. கோடை மழை அல்ல. பருவ மழையே வந்துவிட்டது. ஜூன் 11 வாக்கில் வரவேண்டியது. அதற்கு முன் மிகச் சீக்கிரமாக வந்தது மே 29-ல், 1956, 1962, 1971 ஆகிய வருஷங்களில். கொலாபாவில் மே மாத மழைக்கு 1918-லிருந்து இருந்த உச்சத்தையும் அது தாண்டியது. லோக்கல் வண்டிகள் தயங்கின. அந்த மாதம்தான் திறந்த பாதாள ரயில் ஸ்டேஷன் ஒன்றுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. முதல் நாள் ஊற்றிய கடைசி ஈடு வடாத்தை நாங்கள் மூன்று குடித்தனமுமாகப் போர்வையோடு சுருட்டிக்கொண்டு படியில் ஓடி வந்தோம். "எழுபத்தொண்ணுலேயும் இப்படித்தான் நனைஞ்சுது" என்றாள் அக்கா, ஏதோ உறவுக்காரர் மறுபடி வந்துவிட்டது போல.

அமாவாசையாதலால் பாயசத்துக்கு முன் தர்ப்பணம். சாஸ்திரிகள் கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார். டெலிபோனில் அவர் மந்திரம் சொல்ல, பிறந்த நாளன்று, பெற்றவர்களுக்கு எள்ளும் ஜலமும் விட்டேன். அக்கா சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு கடைசி வரை நின்றாள்.

வாழைக்காய்க் கறி, பயற்றம்பருப்புப் பாயசம். குஜராத்தி அம்மாள் ஒரு கிண்ணம் ஆம்ரஸ் கொடுத்தனுப்பியிருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அக்கா, "கையெழுத்துப் போட்டுடறேண்டா" என்றாள்.

நான் தொண்ணூறு பக்கத்தையும் படித்து, கேட்க வேண்டிய ஒன்பது கேள்விகளை எழுதிக் கொடுத்து, எட்டுக்குப் பதில் வாங்கியிருந்தேன். மூன்று வருஷம் என்று போட்டிருந்தார்கள். அவளுக்கு அப்போது வயது எழுபத்தெட்டு. அதைப் பற்றி இருவருமே பேசவில்லை.

"மேலே மாடி உண்டான்னு அந்தப் பையனைக் கேட்டேன். தோட்டம் வைக்கிறாளாம், நீச்சல் குளமாம். வடாம் போடலாமான்னேன். சிரிச்சான். நல்ல பையன்தான்." கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காரை எப்ப விழும்னு பார்த்துண்டு எத்தனை மழைக்காலம் உட்கார்றது? போடறதுன்னா இன்னிக்கே போடறேன். நீ இருக்கே."

கார்த்திகையும் அமாவாசையும் பத்திரத்துக்கு ஆகிவருமா என்று பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அவள் பார்க்கவில்லை. பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, பக்கம் பக்கமாக, ஸ்டெனோ மனைவிக்கே உரிய அழகான ஆங்கில எழுத்தில் போட்டாள். சாட்சியாக நான். பெயர், விலாசம், வயது என்று கேட்டிருந்தது.

"சான்றிதழ்ப்படி எழுபது முடிஞ்சு எழுபத்தொண்ணு வரப்போறதே, எதைப் போட?" என்றேன்.

"எழுபதுன்னு போடு. நான் பார்த்தேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து ரயில் ஏறினேன். பெட்டியில் ஒரு டப்பா வடாம் இருந்தது. பாதி வெயிலில் காய்ந்தது, மீதி கூடத்து மின்விசிறியின் கீழ் காய்ந்தது. பொரித்தால் வித்தியாசம் தெரியும், வெயிலில் காய்ந்ததை விருந்தாளிகளுக்குப் போடு என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.