ஓரணா தந்த ஒளி

கோட்டை கட்டிய கொற்றவன் பெயர் நமக்குத் தெரியும். கோபுரம் எழுப்பிய வேந்தன் பெயர் கல்வெட்டிலே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதனை மனப்பாடம் செய்கின்றனர். ஆனால், பட்டினியோடு பள்ளிக்கு வந்த பாலகனுக்கு உணவளித்திட நம் நகரிலே தீர்மானம் நிறைவேற்றிய மன்றம் எது? அதனை எந்தக் கல்வெட்டிலே காண்பது? எந்தத் தெருமுனையிலே அதற்கு விழா?

நாமும் நெடுநாள் அறியாதிருந்தோம். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

நாம் படித்தது 1980களில், மாநகராட்சிப் பள்ளி ஒன்றிலே. பகல் மணி அடித்ததும் தட்டுகளின் ஓசை எழும். வரிசையிலே நமக்கு வலப்புறம், தெருக் கூட்டும் தொழிலாளியின் மகன். இடப்புறம், பெட்டிக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. "அவனோடு ஒரே வரிசையில் உண்ணாதே!" என்று கடைக்கார வீட்டுப் பாட்டி கண்டித்தாராம். இரண்டு நாள் அந்தப் பிள்ளை சுவரோரம் நின்றான். மூன்றாம் நாள் வந்து அமர்ந்தான். சாத்திரத்தைச் சாம்பார் மணம் வென்றது! அன்று நாம் சிரித்தோம். இன்று எண்ணிப் பார்க்கிறோம்: நூறு மேடைகளிலே முழங்கியும் எளிதில் முடியாத செயலை, அந்தச் சோற்றுத் தட்டு ஓசையின்றி முடித்திருக்கிறது.

அந்தச் சோறு எங்கோ உயரத்திலிருந்து இறங்கி வந்த கொடை என்றே அன்று எண்ணியிருந்தோம். பழைய வரலாற்றைப் புரட்டிய பிறகே அதன் வேர் எங்கே இருக்கிறது என்பது விளங்கிற்று.

1920 செப்டம்பர் 16. சென்னை மாநகராட்சி மன்றத்தின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியிலே பயில்வோர் பெரும்பாலும் ஏழைகள். வறுமையால் வருகை குன்றுகிறது. மன்றத்தார் இதைக் கண்டனர். கண்டு, "தலையெழுத்து" என்றனரா? "முற்பிறப்பின் வினை" என்று முடித்தனரா? இல்லை! சிற்றுண்டி தருவோம் என்றனர். பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்று முடிவெடுத்தனர். நோயைக் கண்டார்கள், காரணத்தைக் கண்டார்கள், மருந்தையும் கண்டார்கள். பகுத்தறிவு என்பது வேறென்ன? பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவிற்று.

ஆனால் தோழர்களே, கதை அத்தோடு இனிதே முடியவில்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என்றது அன்றைய வெள்ளையர் அரசு. 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பிள்ளைகளின் பசி நின்றதா? நிற்கவில்லை, வருகைதான் குறைந்தது. 1927இல் மீண்டும் உயிர்பெற்றது.

ஓர் ஊர் மன்றம் ஊன்றிய விதை அது. 1956இல் காமராசர் ஆட்சியிலே மாநிலமெங்கும் பகலுணவாகத் தழைத்தது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலே சத்துணவாக விரிந்தது. 2001இல் இந்திய உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே சமைத்த உணவு தரவேண்டுமென ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டிலே காலை உணவும் தொடங்கிற்று. ஆயிரம் விளக்கிலே ஏற்றிய ஓர் அகல், நாட்டுக்கே விளக்காயிற்று!

இதிலிருந்து நாம் கற்பது என்ன? நகரின் துன்பத்தை அருகிருந்து காண்பது நகர மன்றமே. அடைத்த சாக்கடையின் நாற்றம் தலைமைச் செயலகத்துக்கு எட்டுமுன், வட்டத்து உறுப்பினரின் மூக்குக்கு எட்டிவிடும். தீர்வும் அங்கேதான் முதலில் பிறக்கும். ஆனால் கண் இருந்து கை கட்டப்பட்டால்? 1925 அதைத்தான் காட்டிற்று. காசுக்கும் கட்டளைக்கும் பிறர் வாசலிலே நிற்கும் மன்றம், கருணை இருந்தும் கஞ்சி ஊற்ற இயலாது.

விடுதலைக்குப் பின்னரும் அந்தக் குறை அகன்றுவிடவில்லை. சென்னை மாநகராட்சி 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமலே இருந்தது. 2016 முதல் 2022 வரையிலும் அதே நிலை. ஆட்சிகள் மாறின, மன்றத்தின் நாற்காலிகள் மட்டும் வெறுமையாகவே கிடந்தன. நம்மில் எத்தனை பேர் அதற்காகக் குரல் எழுப்பினோம்? சட்டமன்றத் தேர்தலென்றால் விடிய விடிய விழித்திருக்கும் நாம், நம் தெருவின் மன்றம் இல்லாததைக் கண்டும் உறங்கினோம்.

பிரேசில் நாட்டிலே போர்ட்டோ அலெக்ரே என்றோர் நகரம். 1989இல் அந்த நகராட்சி, வரவு செலவுத் திட்டத்தின் ஒரு பகுதியை மக்களிடமே ஒப்படைத்தது. குடிசைவாசிகள் பகுதி பகுதியாகக் கூடி, குழாய் முதலில் எந்தத் தெருவுக்கு, சாலை எந்தத் தெருவுக்கு என்று வாதாடி முடிவு செய்தனர். உலக நகரங்கள் பல அதனைப் பார்த்துக் கற்றன.

ஊராட்சியைப் பாராட்டுவது என்றால் பொன்னாடை போர்த்துவதன்று. மன்றத்தின் தீர்மானங்களைப் படிப்பது. வரவு செலவைக் கேட்பது. நல்லது செய்தால் அடுத்த ஊருக்கு எடுத்துரைப்பது. தவறினால் தட்டிக் கேட்பது. அதன் கையிலே அதிகாரமும் பணமும் சேரப் போராடுவது.

சுவரோரம் நின்ற அந்தச் சிறுவனை வரிசையிலே அமர்த்தியது ஆண்டவன் அருளன்று. ஓரணாத் தீர்மானம் ஒன்று! அதை எழுதிய கைகளை நினைப்போம். அடுத்த தீர்மானத்தை எழுதும் கைகளாக நாமே ஆவோம்.