பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒயர்

இயர் எண்டிங் முடிந்து இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்திருக்கிறது. அந்தத் தைரியத்தில் என்னுடைய வெட்கக்கேடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. லேக் மார்க்கெட் பக்கம் வாடகை வீடு. வாழையிலை, சுண்டைக்காய் வற்றல் எல்லாம் கிடைக்கிறது, குறையில்லை. வீடுதான் பழசு. ஒயரிங் அதைவிடப் பழசு.

எனக்கென்று உள்ள ஒரே ஆடம்பரம் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும்தான். ராத்திரி எம்.டி. ராமநாதனை அரைமணி நேரம் கேட்டால்தான் மறுநாள் கவுண்டரில் உட்கார முடியும். அந்த நிதானமும், அடித்தொண்டைக் குரலும்... ஆனால் கூடவே ஸ்பீக்கரில் ஒரு "ம்ம்ம்ம்" இரைச்சல். சுருதி சேராத தம்பூரா மாதிரி விடாமல் ஓடும்.

சாந்தினி மார்க்கெட்டில் ஒரு கடைக்காரரிடம் புலம்பினேன். "உங்க வீட்டு கரண்டே அழுக்கு சார்" என்று ஒரு பவர் கார்டை எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் தடிமன், பாம்புச் சட்டை மாதிரி பின்னல். விலை 18,500 ரூபாய். வாங்கிவிட்டேன். வீட்டில் 1,850 என்று சொன்னேன். நாள் பூராவும் அடுத்தவர் வவுச்சரில் சைபரைச் சரிபார்க்கிறவன், சொந்தக் கணக்கில் ஒரு சைபரை முழுங்கிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி சத்தியமாக வித்தியாசம் தெரிந்தது. மிருதங்கத்தின் தொப்பி இன்னும் ஆழமாகக் கேட்டது. இரைச்சல்கூடக் குறைந்த மாதிரி இருந்தது. தங்கமணியிடம் ஒரு லெக்சரே கொடுத்தேன்.

பத்தாவது படிக்கும் மகள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பா, பார்க்காம சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் பெட்ஷீட்டைக் கட்டினாள். காசு சுண்டி, தலை விழுந்தால் புது கார்டு, பூ விழுந்தால் பழசு. அதே பாட்டு, அதே வால்யூம். பத்து முறை.

எனக்கு 4 சரி. பி.காமில் படித்த ஸ்டாடிஸ்டிக்ஸ் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. குருட்டாம்போக்கில் சொன்னாலே 5 வரும். வெறும் அதிர்ஷ்டத்தில் 9 அல்லது 10 வருவதற்கு 100க்கு 1 வாய்ப்புதான். பீன்ஸ் நறுக்கிக்கொண்டே விளையாட்டாகச் சொன்ன தங்கமணிக்கு 6.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 வாட்ஸ் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட வேண்டாம். அந்தக் கரண்டுக்கு ஒன்றரை மீட்டர் சாதாரணக் காப்பர் கார்டில் வீணாவது சுமார் 0.03 வோல்ட். எங்கள் ஸ்டெபிலைசர் முள்ளோ ஒரே சாயங்காலத்தில் 10 வோல்ட் ஏறி இறங்குகிறது! போதாததற்கு, உள்ளே ட்ரான்ஸ்ஃபார்மரும் ரெக்டிஃபயரும் கெபாசிட்டரும் வந்த மின்சாரத்தை டி.சி.யாக மாற்றி வடிகட்டித்தான் பாட்டுக்குத் தருகின்றன. தெருவில் எத்தனையோ தூரம் ஓடி, சுவருக்குள் பழைய ஒயரில் நுழைந்து வரும் கரண்டை, கடைசி ஒன்றரை மீட்டர் என்ன புனிதமாக்கிவிடும்?

சரி, இரைச்சல்? அது அப்படியேதான் இருந்தது. எலக்ட்ரிக் மிஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் ஒரு 100 வாட்ஸ் பல்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தார், எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த் துளைக்கும் நடுவே வைத்தார். இருட்டு. வீடு முழுக்க எந்த ப்ளக் பாயிண்டிலும் எர்த்தே இல்லை.

"அதாங்க ஃப்ரிட்ஜைத் தொட்டா சுர்ருங்குது" என்றாள் தங்கமணி.

ஆறு மாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "செருப்பு போட்டுக்கோ" என்று நான்தான் சொல்லியிருந்தேன். வீடு துடைத்த ஈரம் காய்வதற்குள் வெறுங்காலோடு போய் ஃப்ரிட்ஜைத் திறப்பது என் மகளுடைய வழக்கம். அன்றைக்கு ராத்திரி பாட்டும் கேட்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

இந்த மாதிரிச் சாமான்களில் கொஞ்சம் மின்சாரம் உலோக உடம்புக்குக் கசிவது உண்டு. அதை மண்ணுக்கு அனுப்பத்தான் மூன்றாவது முள். எர்த் இல்லாவிட்டால் அது கிடைத்த வழியில் போகும். எங்கள் ஆம்ப்ளிஃபயரில் பாட்டு ஒயருக்குள் புகுந்து இரைச்சலாக வந்தது. ஃப்ரிட்ஜில் கை வழியாக வந்தது.

மீட்டர் போர்டிலிருந்து புது எர்த் ஒயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டதற்கு ஆன செலவு 4,200 ரூபாய். இரைச்சல் நின்றுவிட்டது. பழைய கார்டிலேயே!

விழுங்கிய சைபரையும் அன்றே கக்கிவிட்டேன். தங்கமணி திட்டவில்லை. "முதல்ல ஃப்ரிட்ஜைப் பார்த்திருக்கலாம்" என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

கடைக்காரர் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மகளின் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறோம். கணக்குப் பாடம் இப்போது தெளிவாகப் புரிகிறதாம்!

ஊர் ஊராக வாடகை வீடு மாறுகிற நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்று. நல்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட, ஆடாமல் இறுக்கமாக நிற்கிற மூன்று முள் கார்டு போதும். பால் காய்ச்சிக் குடிபோகிற அன்றைக்கே ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பல்பு வைத்து நீங்களே பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.