ஒரே ஊரில் இரண்டு ஜான்கள்

இங்கிலாந்தின் பழைய தேவாலயப் பதிவேடுகளில் முன்னோரைத் தேடுவது, பெயரைக் கண்டுபிடிக்கும் வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆவணக் காப்பகங்களில் இதையே தொழிலாகச் செய்பவர்களின் முறையைக் கவனித்தால், கிடைத்த பெயர் நமக்குரியதல்ல என்று தள்ளத் தெரிவதில்தான் கைத்திறன் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஏட்டை நுரைமெத்தையில் சாய்த்து, சுருளும் ஓரத்தில் துணியுறை போட்ட ஈயமணிச் சரத்தைக் கிடத்துகிறார்கள். பேனாவுக்கு இடமில்லை, பென்சில்தான். புரியாத ஓர் எழுத்து வந்தால், அதே கை எழுதிய வேறு சொற்களில் அது எப்படி வளைகிறது என்று பார்த்த பிறகுதான் பெயரை வாசிக்கிறார்கள். தேதியையும் அப்படியே ஏற்பதில்லை. 1752க்கு முன் அங்கே ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஏட்டில் 1588 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1589.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஒவ்வொரு தேவாலயமும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538இல் மன்னரின் அமைச்சரான தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டார். 1598இல் வந்த இன்னோர் ஆணை, பழைய தாள் ஏடுகளைத் தோல்தாளில் படியெடுக்கச் சொன்னது. கவிஞர் வில்லியம் ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் ஏட்டில், 1564 ஏப்ரல் 26 என்று அவருடைய ஞானஸ்நானத்தைக் காட்டும் வரியும் 1600 வாக்கில் எழுதப்பட்ட படிதான். அதில் பிறந்த தேதி கிடையாது. உலகம் கொண்டாடும் ஏப்ரல் 23 வெறும் ஊகம்.

அவருடைய தந்தை ஜானுக்குப் பத்துப் பிள்ளைகள் என்று அவர் வாழ்க்கையை எழுதிய நிக்கோலஸ் ரோ 1709இல் குறிப்பிட்டார். அதே ஊரில் ஜான் ஷேக்ஸ்பியர் என்று செருப்புத் தைப்பவர் ஒருவரும் இருந்தார். அவர் பிள்ளைகள் மூவரையும் கவிஞரின் வீட்டில் சேர்த்ததால் வந்த கணக்கு அது. தொழிலைப் பார்த்துப் பிரிக்கவும் வழியில்லை; ஞானஸ்நான ஏட்டில் தந்தையின் தொழிலுக்கென்று தனிக் கட்டம் வந்ததே 1813இன் அச்சுப் படிவங்களில்தான். பிறகு எப்படிப் பிரித்தார்கள்? கவிஞரின் தந்தை 1568இல் ஊர்த்தலைவரானார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அவருக்குப் பிறந்த பிள்ளைகளின் பதிவுகளில் அவர் பெயருக்கு முன் 'மிஸ்டர்' போன்ற மரியாதைச் சொல் ஏறுகிறது; செருப்புக்காரருக்கு அது இல்லை. ஒரு பட்டத்தை வைத்து மூன்று பிள்ளைகளை வீடு மாற்றியிருக்கிறார்கள்!

இப்போதுதான் கணினியில் பெயர்ப் பட்டியல் இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பட்டியல் என்பது வேறொருவர் வாசித்த வாசிப்பு. அது இரண்டு ஜானையும் ஒருசேரக் கொண்டுவந்து நிறுத்தும். மரியாதைச் சொல்லை விட்டுவிடவும் கூடும். இப்படிச் சந்தேகப்பட்டுக்கொண்டே போனால் எந்த வம்சாவளிதான் நிற்கும் என்ற கேள்வி இன்னும் வலுவானது. நிற்கும், ஆனால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரே பலம் இருக்காது. கவிஞரின் வீட்டிலேயே 1558இல் ஜோன் என்ற பெண்குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. அவளை அடக்கம் செய்ததற்குப் பதிவில்லை. 1569இல் இன்னொரு மகளுக்கும் ஜோன் என்றே பெயர் வைத்தார்கள். மூத்தவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதற்கு அந்தப் பெயர்தான் சாட்சி. ஆனால் உயிரோடிருக்கும் இரு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்த குடும்பங்களும் அந்நாளில் உண்டு. அதனால் நல்ல தேடுநர் மூத்த ஜோனுக்கு எதிரே 'இறந்திருக்கலாம்' என்று பென்சிலில் எழுதி, ஆண்டுக்கான இடத்தைக் காலியாகவே விடுகிறார்.