அழைப்பு வராத அணி

நான் பிறப்பதற்கு முன்பே ஆடி முடிந்துபோன ஒரு பருவத்தை நினைத்து ஏங்க முடியுமா? எனக்கு முடிகிறது. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் 1951-ஆம் ஆண்டு ஃபுட்பால் அணியைப் பற்றி எப்போது படித்தாலும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. நம் ஊர்க் கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே வருபவர்களை இடித்துத் தள்ளி, யார்டு யார்டாக முன்னேறும் அமெரிக்க ஆட்டம். அணியின் பெயர் டான்ஸ்.

ஏசு சபைப் பாதிரியார்கள் நடத்திய சின்னக் கல்லூரி அது. குன்றின் மேல் புனித இக்னேஷியஸ் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்கள்; கோல்டன் கேட் பூங்காவின் ஓரத்தில் அணி ஆடிய கீசார் ஸ்டேடியம். பசிபிக் கடலிலிருந்து மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறி வரும். ஆட்டம் முடியும் முன்பே கடற்காகங்கள் கூட்டமாக வந்து காலி பெஞ்சுகளில் உட்கார்ந்துவிடும்.

அந்த அணியில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஜீனோ மார்செட்டி இத்தாலியக் குடியேறிகளின் மகன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரோடு சண்டையிட்டுத் திரும்பியவர். பயிற்சியாளரை முதன்முதலில் பார்க்கப் போனபோது தோல் ஜாக்கெட்டோடு மோட்டார்சைக்கிளில் போய் இறங்கியவர். பாப் செயின்ட் கிளேர் உள்ளூர்ப் பையன். ஆறடி ஒன்பது அங்குல உயரம். பயிற்சியாளர் ஜோ குஹாரிச் இரக்கம் காட்டாதவர். பருவம் தொடங்கும் முன் எல்லோரையும் வடக்கே கார்னிங் என்ற ஊருக்குக் கூட்டிப்போய், கோடை வெயிலில் வாட்டி எடுத்தார். பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுக்கும் வேலையில் பீட் ரோசெல் என்ற இளைஞர் இருந்தார்.

பிறகு அந்த இரண்டு பேர். ஆலி மேட்சன் டெக்சஸில் பிறந்தவர். பெர்ல் டோலர் டென்னசியின் மெம்பிஸ்காரர். இருவரும் சான் பிரான்சிஸ்கோ சிட்டி கல்லூரியில் ஒன்றாக ஆடிவிட்டு இங்கே வந்தவர்கள். இருவரும் கறுப்பினத்தவர்கள்.

மேட்சனின் ஓட்டத்தைப் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நியூயார்க்கின் ராண்டல்ஸ் தீவில் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தோடு நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்டத்தின் தொடக்கத்திலும், புள்ளி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்ப வேண்டும். அப்படி உதைத்த பந்தைப் பிடித்தவர், தன்னை நோக்கிப் பாய்ந்து வரும் பதினோரு பேரையும் தாண்டி ஓடியாக வேண்டும். மைதானத்தின் நீளம் 100 யார்டு. அன்று மேட்சன் ஒரு முறை 94 யார்டும் இன்னொரு முறை 90 யார்டும் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார். முன்னே ஓடி வழி திறந்து கொடுத்தவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அந்த வழி ஓரிரு நொடிதான் திறந்திருக்கும். அது மூடுவதற்குள் அவ்வளவு பெரிய உடம்பு அதில் புகுந்து வெளியே வந்துவிட வேண்டும். டான்ஸ் 32-26 என்று வென்றது. அந்தப் பருவம் முழுவதும் சேர்த்து மேட்சன் ஓடியது 1,566 யார்டு. நாட்டில் வேறு எவரும் அவ்வளவு ஓடவில்லை. பந்து எதிரணியின் கைக்குப் போனால், தடுப்பாட்டத்துக்கும் அவரே நின்றார்.

நவம்பரில் ஸ்டாக்டனுக்குப் போய் பசிபிக் கல்லூரியை 47-14 என்று நொறுக்கினார்கள். அடுத்த வாரம் பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் லயோலாவை 20-2 என்று வென்றார்கள். ஒன்பது ஆட்டம், ஒன்பது வெற்றி.

இப்படி ஆடிய அணிக்குப் புத்தாண்டையொட்டி நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்றிலிருந்து அழைப்பு வர வேண்டும். ஆரஞ்சு, சுகர், கேட்டர் என்ற பெரிய பவுல்கள் மூன்றும் தெற்கே நடந்தன; நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய மாநிலங்கள். மேட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வந்தால் பார்க்கலாம் என்று அணிக்குச் சொல்லியனுப்பப்பட்டது. வலுவான எதிரணிகளோடு இவர்கள் மோதவில்லை என்பதுதான் வெளியே சொல்லப்பட்ட காரணம். டான்ஸிடம் 47 புள்ளி வாங்கிய பசிபிக் கல்லூரிக்கோ டெக்சஸில் நடந்த சன் பவுலுக்கு அழைப்பு போனது. இதைப் படிக்கும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. மேட்சனும் டோலரும் அந்தத் தெற்கிலேயே பிறந்த பிள்ளைகள் என்பதை நினைத்தால் இன்னும் அதிகமாக.

அணி மறுத்தது. அதற்காகக் கூட்டம் போடவில்லை, வாக்கெடுப்பு நடத்தவில்லை என்று ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த இருவரும் இல்லாமல் போவதா என்று யாரும் யோசிக்கக்கூட இல்லையாம். என்னை இந்த அணியோடு கட்டிப்போடுவது அந்த யோசிக்காமைதான். இருபது வயதைத் தாண்டிய இளைஞர்கள் முப்பது பேருக்கு மேல். வாழ்க்கையின் மிகப் பெரிய ஆட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒருவர்கூட, நாம் மட்டும் போய்வரலாமே என்று முனகவில்லை.

அதற்குக் கொடுத்த விலை சாதாரணமானதல்ல. ஃபுட்பாலால் கல்லூரிக்குக் கடன் ஏறியிருந்தது. ஒரு பெரிய பவுல் ஆட்டத்தின் வருமானம் அதைத் தாங்கியிருக்கும். அது வராமல் போனதும், அந்தப் பருவத்தோடு ஃபுட்பாலையே நிறுத்திவிட்டார்கள். ஒரே ஆண்டில் தோல்வியே காணாத அணி, அதே ஆண்டில் இல்லாமலும் போனது. இன்னும் ஓர் ஆண்டு ஆட வேண்டியிருந்த செயின்ட் கிளேர், சொந்த ஊரை விட்டு டல்சா பல்கலைக்கழகத்துக்குப் போனார். குஹாரிச் சிகாகோ கார்டினல்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார்.

அந்தக் காலமே திரும்பி வராதா என்று நான் கேட்க மாட்டேன். சின்னக் கல்லூரி ஒன்று பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஈடாக அணி திரட்ட முடிந்த காலம் அது. ஒரே ஆள் தாக்கவும் தடுக்கவும் நின்ற காலம். அதெல்லாம் எனக்குப் பிடிக்கும். ஆனால் மேட்சன் போன்ற ஒருவரை வாசலிலேயே நிறுத்திவைத்ததும் அதே காலம்தான். 1956-ல் பிட்ஸ்பர்க் அணியின் பாபி கிரியர் சுகர் பவுலில் ஆடிய முதல் கறுப்பின வீரரானபோதும், எதிரணியின் மாநிலமான ஜார்ஜியாவின் ஆளுநர் எதிர்த்துக் குரல் கொடுத்தார். காலம் வேண்டாம். அந்த மனிதர்கள், அந்தப் புத்தாண்டில், ஒரே சீருடையில் இன்னும் ஒரே ஒரு முறை களம் இறங்கியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தனித்தனியாக அவர்கள் எல்லோரும் உயரத்தான் செய்தார்கள். மேட்சன் 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலமும் தொடரோட்டத்தில் வெள்ளியும் வாங்கினார். மேட்சன், மார்செட்டி, செயின்ட் கிளேர் மூவரும் தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள். டோலருக்குத்தான் வாய்க்கவில்லை. 1952-ல் ஒரு காட்சி ஆட்டத்தில் முழங்கால் போனது. ஆட்ட வாழ்க்கை அதோடு சரி. சான் பிரான்சிஸ்கோவில் ஆசிரியராகி, பள்ளித் தலைமையாசிரியராகி, 1965-ல் தேசிய ஃபுட்பால் லீகின் முதல் கறுப்பின நடுவரானார். 1980-ல் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் நடுவர்களில் ஒருவராகவும் நின்றார். அது நடந்த இடம், டான்ஸ் தன் கடைசி ஆட்டத்தை ஆடிய அதே ரோஸ் பவுல். லீகின் தலைமை ஆணையர் நாற்காலியில் அன்று இருந்தவர், 1951-ல் கல்லூரிக்காகச் செய்தி எழுதிக்கொண்டிருந்த பீட் ரோசெல்.

பழைய கீசாரை 1989-ல் இடித்துவிட்டு, பத்தாயிரம் பேர் உட்காரும் அளவில் சின்னதாகக் கட்டியிருக்கிறார்கள். அதன் களத்துக்கு செயின்ட் கிளேரின் பெயர். 2006-ல், அணியில் உயிரோடு இருந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. எழுபத்தைந்து வயதைத் தாண்டிய கிழவர்களைக் கூப்பிட்டுக் கொடுத்த பட்டம். கொடுத்தது நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அவர்களுக்குச் சேர வேண்டியிருந்தது ஓர் ஆட்டம். அதை இனி யாராலும் கொடுக்க முடியாது.