அகமதாபாத்: வெயிலுக்கு ஒரு கணக்கு

மே மாதப் பகலில் அகமதாபாத்தில் நிழல்கூடச் சுடும். 2010 மே மாதம் 46.8 டிகிரி வெயிலில் வெந்த ஊர். இங்கே செப்ட் பல்கலைக்கழகத்தின் செங்கல் வளாகத்தில், கட்டடங்களுக்குள் ஏறும் சூட்டைக் கணக்குப் பார்க்கிறார்கள்.

அஸ்திவாரம் போடும் முன்பே கணினியில் கட்டடம் எழும்பிவிடுகிறது. சுவரின் கனம், ஜன்னலின் திசை, கூரையின் நிறம் ஆகியவற்றைக் கொடுத்தால், ஆண்டின் 8,760 மணி நேரமும் உள்ளே எவ்வளவு சூடு இருக்கும், எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்று சொல்லிவிடும். எத்தனை டிகிரியில் மனிதருக்கு இதமாக இருக்கும் என்பதை மட்டும் மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

நெடுங்காலம் அதற்கு மேலைநாட்டு அளவையே கடன் வாங்கினார்கள். விளைவு: வெளியே அக்னி வெயில், அலுவலகத்துக்குள் ஸ்வெட்டர். செப்ட் ஆய்வாளர்கள் அகமதாபாத், பெங்களூரு, சென்னை, தில்லி, சிம்லா அலுவலகங்களில் ஊழியர்களையே கேட்டார்கள். வெளியே வெயில் ஏற ஏற, உடம்பும் கூடுதல் சூட்டுக்குப் பழகிக்கொள்கிறது என்று தெரிந்தது. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அந்த இந்திய அளவு இடம்பெற்றது. ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டி வைத்தாலே சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

நகரத்தின் குடிசைப் பகுதிகளில் மிச்சம் பிடிக்க ஏ.சி. ஏது? தகரமும் சிமென்ட் ஷீட்டும்தான் கூரை. 2017ல் அங்கே ஆயிரக்கணக்கான கூரைகளுக்கு வெள்ளையடித்தார்கள். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். அந்த வீடுகளுக்குக் கிடைத்த விடை, ஒரு வாளி சுண்ணாம்பு.