கிஹ்னு தீவில் ஒரு கல்யாணம்... பெட்டி நிறையக் கையுறைகள்!

எஸ்டோனியாவின் கிஹ்னு தீவில் தோழிக்குக் கல்யாணம் என்றால், தலைநகர் டாலினில் இருப்பவர் முதல் நாளே மூட்டை கட்டிவிடுவது நல்லது. தெற்கே பார்னு நகரம் வரை பேருந்தில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து முனலாய் துறைமுகம். பிறகு கடலில் ஒரு மணி நேரம். 2015 முதல் இந்த வழியில் ஓடும் கப்பலுக்கு ‘கிஹ்னு விர்வே’ என்று பெயர். விர்வே, தீவின் பாட்டுக்காரப் பாட்டி. அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் கப்பல் பெயர் வைத்துத்தான் பழக்கம். பாடுகிற பாட்டிக்கு வைத்த ஊர் இது.

தீவு சின்னது. நீளம் 7 கிலோமீட்டர், அகலம் மூன்றரைகூட இல்லை. மொத்தமே நான்கு கிராமங்கள், சில நூறு பேர். ஆண்கள் மீன்பிடிக்கவும் சீல் வேட்டைக்கும் மாதக்கணக்கில் கடலுக்குப் போய்விட, வயல், ஆடு மாடு, பிள்ளைகள், பாட்டு, சடங்கு எல்லாவற்றையும் பெண்கள்தான் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்தார்கள். யுனெஸ்கோ இந்தத் தீவின் பண்பாட்டை 2003-ல் அங்கீகரித்து, 2008-ல் மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணமும் இதுவே.

கப்பலை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது பாவாடைகள். ‘கொர்த்’ என்று பெயர். வீட்டுத் தறியில் நெய்த கம்பளி, நெடுக்காகக் கோடுகள். சந்தோஷ காலத்தில் சிவப்பு ஓங்கியிருக்கும். வீட்டில் சாவு விழுந்தால் கறுப்பும் கருநீலமும். துக்கம் ஆற ஆற, சிவப்புக் கோடுகள் மெல்லத் திரும்பி வரும். யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை, பாவாடையைப் பார்த்தாலே போதும். இந்தப் பாவாடையோடு பக்கப்பெட்டி வைத்த பழைய மோட்டார் சைக்கிளை ஓட்டிப்போகும் பெண்களை வெளியூர்க்காரர்கள் வாய்பிளந்து பார்ப்பது உண்டு. உள்ளூரில் அது சாதாரணம்.

கல்யாணத்தன்று தீவு முழுக்கச் சிவப்புதான்.

பழைய முறைப்படி நடந்தால் கல்யாணம் பல நாள் போகும். மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாகப் பெண் வீட்டுக்கு வருவார்கள். இரண்டு பக்கத்து மூத்த பெண்களும் பாட்டாலேயே ஒருவரை ஒருவர் வாரிவிடுவார்கள். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பிருந்தே வழங்கும் மெட்டு அது. ஒருத்தி ஓர் அடி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். தலையை மூடி அழைத்து வரப்படும் மணமகளுக்கு மாப்பிள்ளை வீட்டில் கல்யாணமான பெண்ணின் தலையணியைச் சூட்டி, இடுப்பில் முன்றானைத் துணி கட்டுவார்கள். அந்தத் துணி இடுப்பில் இருந்தால் அவள் மணமானவள் என்று அர்த்தம்.

ஆனால் கூட்டத்தின் கண்ணெல்லாம் பெண்ணோடு வந்த மரப்பெட்டி மேல்தான். இங்கே சீர் என்றால் பாத்திரமோ பணமோ இல்லை. கையுறைகள், காலுறைகள், நெய்த இடுப்புக் கச்சைகள். மாமியாருக்கு, மாமனாருக்கு, நாத்தனார்களுக்கு, கொழுந்தன்களுக்கு என்று மணமகள் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பாள். எஸ்டோனியக் கிராமங்கள் பலவற்றில் புது வீட்டின் கிணற்றுக்கும் அடுப்புக்கும்கூட ஒரு கச்சையோ கையுறையோ வைக்கும் வழக்கம் இருந்தது. வந்தவள் எப்படிப்பட்டவள் என்று மாமியார் வீடு எடைபோட்டது அந்தத் தையல் ஊசி போன்ற மெல்லிய பின்னலை விரல் நுனியில் தடவித்தான்.

மணமகளின் தோழிக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. சீர், மாப்பிள்ளை வீட்டாருக்கு. தோழி பக்கத்தில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

பார்க்கும்போதே ஒரு கணக்கு மனதில் ஓடாமல் இருக்காது. ஒரு ஜோடி கையுறை ஓரிரு நாளில் முடிகிற வேலை அல்ல. பெட்டி நிறைய என்றால் வருடக்கணக்கு. முன்பெல்லாம் பெண்கள் நடந்துகொண்டே பின்னினார்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்குப் பேசப் போகும்போதும் பின்னினார்கள். இப்போது தீவுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு வரைதான். அதற்குமேல் படிக்கக் கடல் தாண்ட வேண்டும். படிக்கப் போன பிள்ளைகள் எல்லாரும் திரும்பி வருவதும் இல்லை. அப்படிப் போன பெண்ணின் பெட்டியை யார் நிரப்புவது? அம்மாவும் பாட்டியும் ஊசியை எடுத்தால்தான் உண்டு. பாட்டிகளின் காலத்துக்குப் பிறகு என்ன என்பதுதான் தீவின் உண்மையான கவலை. யுனெஸ்கோ பட்டியல் வந்து ஊசி பிடிக்காது.

ஜூன் மாதத்தில் கிஹ்னுவில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆட்டம் பாட்டம் முடிந்து மறுநாள் கப்பல் ஏறும்போது பலர் பையில் தீவு ஆடுகளின் கம்பளி நூல் உருண்டை ஒன்று சேர்ந்துவிடுகிறது.

டாலின் வீட்டுக்கு வந்து பிரித்தால்தான் சிரமம் தெரியும். ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவரையும் கிஹ்னு கையுறை திணறடித்துவிடும். ஊசியின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர். மொத்தம் ஐந்து ஊசி. நான்கில் கண்ணிகள் வட்டமாக நிற்க, ஐந்தாவது சுற்றிச் சுற்றிப் பின்னும். அதனால் தையலே இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு நூல். ஒன்று முன்னால் கண்ணியாகும்போது மற்றது பின்னால் ஓடும். இப்படி இரட்டை அடுக்காவதால்தான் பால்டிக் குளிரை அது தாங்குகிறது. பின்னால் ஓடும் நூலைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் பூவேலை சுருங்கும், தளர விட்டால் விரல் மாட்டும். ஒரு கண்ணி எண்ணிக்கை தப்பினால் அடுத்த சுற்றில் கோலம் முழுக்கச் சாயும். பிரி, மறுபடி ஆரம்பி!

மணிக்கட்டுப் பக்கம் சில சுற்றுகள் சிவப்பு வர வேண்டும். மீனவர்களின் ‘த்ரோய்’ ஸ்வெட்டரிலும் ஓரத்தில் அதே சிவப்பு உண்டு. கடலுக்குப் போகிறவரைத் தீங்கு அண்டாமல் காக்கும் என்பது நம்பிக்கை.

ஜூனில் ஆரம்பித்தால் பனி விழுவதற்குள் ஒரு ஜோடி முடியலாம். குளிர் கடுமையாக இருக்கும் வருடங்களில் கடல் உறைந்து, தீவுக்கும் கரைக்கும் நடுவே பனிக்கட்டி மேலேயே சாலை போடுகிறார்கள். கப்பலுக்குக் காத்திருக்காமல் காரிலேயே தோழி வீட்டுக்குப் போய் வரலாம், பின்னிய கையுறையை மாட்டிக்கொண்டு. உள்ளே திருப்பிப் பார்க்காமல் விடமாட்டாள் தோழியின் பாட்டி. கிஹ்னுவில் பின்னலின் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார்களோ என்று தோன்றும்.